கீழ்வீட்டில் யாரும் மீன் பொரிக்கவில்லை

முதலில் சுட்டது என் கட்டைவிரல்தான். ஆடி பிறந்த முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி இருக்கும். குக்கரை இறக்கி வைத்துவிட்டு, மேடையைத் துடைப்பதற்காக இண்டக்‌ஷன் ஸ்டவ்வின் ப்ளக்கைப் பிடுங்கினேன். தோசைக்கல்லின் ஓரத்தைத் தொட்டுவிட்டதுபோல் இருந்தது. கையை உதறிக்கொண்டே போய்க் குழாயைத் திறந்து விரலை நீட்டினேன்.

சிகந்தராபாத் பக்கம் மல்காஜ்கிரியில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். நான், ஒன்பதாவது படிக்கும் என் மகள், என் மாமனார். என் கணவருக்குப் புனேயில் வேலை. பதினைந்து நாளுக்கு ஒரு தரம் வருவார். நான் அமீர்பேட்டில் ஒரு பயிற்சி நிலையத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் சொல்லிக்கொடுக்கிறேன். எட்டு மணிக்கு வீட்டை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் மெட்டுகூடா போய், மெட்ரோ பிடித்தால்தான் ஒன்பது மணி வகுப்புக்கு நிற்க முடியும். அதனால் காலையில் சூடான ப்ளக்கைப் பற்றி யோசிக்க எனக்கு நேரமில்லை. மேடையைத் துடைத்துவிட்டு, துணியைச் சுற்றிப் பிடித்து ப்ளக்கைத் திரும்பச் செருகி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மாமனாரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய ஆள் அவர்தான். ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் பெட்டிகளுக்கு விளக்கும் விசிறியும் ஓடவைத்தவர். போலாரத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா பட்டாளத்தோடு வந்து அங்கேயே தங்கிவிட்டவராம். எழுபத்து நாலு வயதிலும் வீட்டில் எந்தச் சுவிட்ச் மக்கர் செய்தாலும் சட்டைப்பையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு வந்துவிடுவார். அந்த ஆர்வத்தில்தான் சித்திரையில் ஸ்டூல் மேல் ஏறி ட்யூப்லைட் மாற்றப்போய், கீழே விழுந்து, வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கையால் தண்ணீர்ச் சொம்பைத் தூக்க முடியவில்லை.

என் கணவர் புனேயிலிருந்து போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "அப்பா கைல ஸ்க்ரூடிரைவர் குடுக்காத. வீட்ல எது ரிப்பேர் ஆனாலும் அவர் காதுல போடாத. கேட்டார்னா உடனே ஏறிடுவார்."

நானும் அப்படியே நடந்துகொண்டேன். ஸ்டூலைக்கூட மகளின் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன்.

மறுநாளும் ப்ளக் சூடாகத்தான் இருந்தது. மாமனார் தினமும் காலையில் அதே ஸ்டவ்வில்தான் தனக்கும் எனக்கும் பால் காய்ச்சிக் காபி கலப்பார். ஆனால் அவர் சுவிட்சைப் போடுவார், அணைப்பார், ப்ளக்கைத் தொடமாட்டார். தினமும் அதைப் பிடுங்கி, மேடையைத் துடைத்துவிட்டுத் திரும்பச் செருகி வைப்பது நான்தான். மேடை துடைத்தமாதிரி இருக்க வேண்டும் எனக்கு. அதனால் அவருக்குத் தெரியாமல் மறைப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

அதே வாரத்தில்தான் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள்.

"மம்மி, ஃபிஷ் ஸ்மெல் ஆ ரஹா ஹை. சுபே சுபே யார்?" காலையிலேயே மீன் வாசனை வருகிறதாம்.

அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் ஹிந்தியிலோ தெலுங்கிலோ இங்கிலீஷிலோ வரும். நான் மோந்து பார்த்தேன். உண்மைதான். மெலிதாக, ஆனால் சந்தேகமில்லாமல் மீன்.

"கீழ்வீட்டுலயா இருக்கும்ட்டி. கதவைச் சாத்து," என்றேன்.

கீழ்வீட்டுக்கு ஆனி மாதம்தான் ஒரு குடும்பம் புதிதாகக் குடிவந்திருந்தது. ராஜமுந்திரிப் பக்கத்துக்காரர்கள். வந்த முதல் வாரத்திலேயே அந்த அம்மா ஒரு டப்பாவில் மீன் புளுசு கொண்டுவந்து கொடுத்தார். புளி தூக்கலாக, நல்லெண்ணெய் மிதக்க, அருமையாக இருந்தது. மாமனார் இரண்டு தரம் போட்டுக்கொண்டார். அதனால் மீன் என்றதும் எங்கள் இருவருக்கும் வேறு எந்த வீடும் தோன்றவில்லை.

நான் தூத்துக்குடிக்காரி. மீன் வாசனை எனக்குப் புதிதல்ல, அருவருப்பும் இல்லை. ஆனால் இது நல்ல மீன் வாசனை இல்லை. வாளையா, சூரையா, நெத்திலியா என்று மோந்தே சொல்லிவிடும் ஆள் நான். இது எனக்குப் பிடிபடவில்லை. கருவாட்டைத் தணலில் போட்டுவிட்டு மறந்துபோன மாதிரி ஒரு வாடை. இவ்வளவு நன்றாகச் சமைக்கிற அம்மா ஏன் தினம் காலையில் இப்படிக் கெட்டுப்போன மீனைப் போட்டுக் கருக்குகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

இதையும் மாமனாரிடம் சொல்லவில்லை. அதற்குக் காரணம் வேறு. அவருக்குக் கீழ்வீட்டுக்காரரோடு நல்ல சிநேகம் ஆகிவிட்டிருந்தது. இருவரும் சாயங்காலம் மொட்டைமாடியில் உட்கார்ந்து பழைய ரயில் பாதைகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். நான் வாய்விட்டால் அவர் நேராகப் போய், "உங்க வீட்ல என்ன மீன் வாங்கறீங்க?" என்று கேட்டுவிடுவார். எதற்கு வம்பு? நானும் மகளும் எங்களுக்குள் முனகிக்கொண்டோம். ஒருநாள் காலையில் அவர் காபி கலந்துகொண்டிருந்தபோது மகள் அடக்க முடியாமல், "தாத்தா, உங்களுக்கு ஸ்மெல் வரலியா?" என்று கேட்டுவிட்டாள்.

அவர் திரும்பாமலே, "ஹவ், வருது. டிகாக்‌ஷன் ஸ்மெல். ஃபர்ஸ்ட் கிளாஸ்," என்றார். 'ஆமாம்' என்பது அவர் வாயில் அந்த ஊர் ஹிந்தியில் 'ஹவ்' என்றுதான் வரும்.

அண்டை வீட்டாரை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ப்ளக்குக்கு வருகிறேன். சனிக்கிழமை ஸ்டவ்வை ஒரு கட்டைப் பையில் வைத்து சிகந்தராபாத்துக்கு எடுத்துப்போனேன். வாசலில் மாமனார் பார்த்துவிட்டார்.

"கைக்கு மா அதைத் தூக்கிட்டுப் போறே?" அவர் பேச்சில் 'கைக்கு' என்றால் 'எதற்கு'.

"பட்டன் சரியா அழுந்த மாட்டேங்குது மாமா. கடையில காமிச்சிட்டு வந்துடுறேன்."

"நான் பாக்கறேனே."

"நீங்க உங்க கையைப் பாருங்க மாமா," என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். பொய் சொன்னது உறுத்தியது. ஆனாலும் ஸ்டூல் நினைவுக்கு வந்தபோது சரிதான் என்று பட்டது.

ரிப்பேர் கடைக்காரர் ஸ்டவ்வில் ஒரு சட்டித் தண்ணீரை வைத்து முழுச் சூட்டில் ஓடவிட்டார். என்னை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு வேறு ஒரு மிக்ஸியைக் கழற்ற ஆரம்பித்தார். கால் மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, கடை போர்டில் செருகியிருந்த ப்ளக்கைத் தொட்டுப்பார்க்கச் சொன்னார். சூடே இல்லை.

"ஸ்டவ் ஏக்தம் டீக் ஹை மேடம். கர் கா போர்டு திகாவ் கிஸிகோ," என்றார். ஸ்டவ்வில் கோளாறு எதுவும் இல்லை, வீட்டு போர்டை யாரிடமாவது காட்டுங்கள் என்று அர்த்தம். ஆனால் ப்ளக்கின் ஒரு பின் கறுத்துப் போயிருந்ததால் அதை வெட்டி எறிந்துவிட்டுப் புது ப்ளக் மாட்டித் தருவதாகவும் சொன்னார். திங்கட்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். கோளாறு எங்கே என்று தேடும்போது, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள் என்றுதான் நான் தினமும் வகுப்பில் சொல்கிறேன். எல்லாம் சரியாக இருக்கும் இடத்தில் வைத்துப் பார்த்து, எது மாறியது என்று கேளுங்கள் என்பேன். அந்தக் கடைக்காரர் செய்ததும் அதுதான். அதே ஸ்டவ், அதே ப்ளக், போர்டு மட்டும் வேறு, சூடு இல்லை. என் மாணவன் ஒருவன் இதைக் கேட்டிருந்தால் உடனே விடையைச் சொல்லியிருப்பான். எனக்கோ 'கர் கா போர்டு' என்பது ஒரு காதில் நுழைந்து மறுகாதில் போய்விட்டது. புது ப்ளக் கிடைக்கப்போகிற சந்தோஷத்தோடு வந்துவிட்டேன்.

ஸ்டவ் கடையில் இருந்த ஞாயிறும் திங்களும் வீட்டில் மீன் வாசனை இல்லை. கீழ்வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்ததை இரண்டு நாளும் பார்த்துக்கொண்டேதான் படியேறினேன்.

புது ப்ளக் நாலைந்து நாள் ஒழுங்காக இருந்தது. வெதுவெதுப்பு மட்டும்தான். பிறகு மறுபடி சூடு ஏறியது. டூப்ளிகேட் ப்ளக்கை மாட்டிவிட்டான் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டு, கைப்பிடித் துணியோடு பிடுங்கப் பழகிக்கொண்டேன். மனிதர்கள் எதற்கும் பழகிக்கொள்வார்கள். அடுப்பில் இருக்கும் பாத்திரத்தைத் துணியால் பிடிப்பதில்லையா, அதுபோல இதுவும் என்று ஆகிவிட்டது. மெயின் பெட்டியில் கரண்ட் அதிகமானால் தானாக அணையும் எம்.சி.பி. சுவிட்ச் விழவில்லை, அதனால் ஆபத்து எதுவும் இருக்காது என்று வேறு ஒரு சமாதானம். மீன் வாசனையும் திரும்பி வந்தது. முன்னைவிடக் காட்டமாக.

மூன்றாவது வாரம், வியாழக்கிழமை. அன்று எனக்குக் கடைசி வகுப்பு இல்லை. ஆறு மணிக்கே வந்துவிட்டேன். காலையில் அடித்த வாடை சட்டையில் ஏறி, மெட்ரோவில் பக்கத்தில் நின்ற பெண் நகர்ந்து நின்றமாதிரி எனக்குத் தோன்றியிருந்தது. அவள் வேறு காரணத்துக்காகவும் நகர்ந்திருக்கலாம். ஆனால் அன்று பூராவும் அது மனதில் கிடந்து, கீழ்வீட்டு வாசலைத் தாண்டும்போது நின்றுவிட்டேன். அந்த அம்மா நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். மேலே மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

என் தெலுங்கு அரைகுறைதான். முடிந்தவரை மரியாதையாக, "ஆண்டி, பொத்துன்ன சேப்பல வாசன சால வஸ்துந்தி," என்றேன். காலையில் மீன் வாசனை ரொம்ப வருகிறது என்று சொன்னதாக எண்ணம்.

அவர் மஞ்சள் கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மாக்கு ஸ்ராவண மாசம் அண்டி. குட்டு கூட தேவட்லேது."

அவர்களுக்கு இது ஸ்ராவண மாதம், விரத மாதம், முட்டைகூட வாங்குவதில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை வரலட்சுமி பூஜை. அதற்காகத்தான் மஞ்சளும் தோரணமும். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவரோ கோபப்படவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு, அந்த வாசனை தங்களுக்கும் வருகிறது என்றார். சமையலறை ஜன்னல் வழியாக மேலேயிருந்து வருகிறதாம். "மீ இன்ட்லோ அனுகுன்னாமு," என்றார். உங்கள் வீட்டில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஸ்ராவணத்தில் எங்கள் வீட்டு மீன் வாடை அவருடைய பூஜையறை வரைக்கும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. தமிழர்களுக்கு இந்த மாதக் கணக்கு கிடையாது போலும் என்று பொறுத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்.

"சாரி ஆண்டி, சாரி ஆண்டி," என்று சொல்லிக்கொண்டே படியேறினேன். பாதிப் படியிலேயே வாசனை வந்துவிட்டது. கதவைத் திறந்தபோது கூடத்தில் அது நிறைந்து நின்றது. மகள் ட்யூஷனுக்குப் போயிருந்தாள். மாமனார் சமையலறையில் ஸ்டவ்வுக்கு முன்னால் நின்றுகொண்டு பால் பொங்கிவருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது கைப்பக்கத்தில், ஒரு முழ தூரத்தில், சுவரில் அந்த ப்ளக் பாயிண்ட். அதன் மேல் விளிம்பிலிருந்து நூல்போல ஏதோ மேலே போனது. பாலின் ஆவி என்று நினைத்தேன். ஆவி இந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அது அந்தப் பக்கம்.

"வா மா. இன்னிக்கு சீக்கிரம் வந்துட்டே. டிகாக்‌ஷன் இறங்கிடுச்சு," என்றார்.

"மாமா, இங்க என்ன மீன் கருகுற நாத்தம்?"

"மீனா?"

"ஆமா மாமா. மூணு வாரமா அடிக்குது. கீழ்வீடுன்னு நெனச்சேன், அவங்க…"

நான் முடிக்கவில்லை. அவர் முகம் மாறிவிட்டது. சுவரைப் பார்த்தார், ப்ளக்கைப் பார்த்தார். நான் பழக்கத்தில் துணியை எடுத்துக்கொண்டு ப்ளக்கை நோக்கிக் கையை நீட்டினேன்.

"நக்கோ! தொடாதே! வெளிய வா!"

அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. என் தோளைப் பிடித்துக் கூடத்துக்குத் தள்ளினார். வாசல் கதவுக்கு மேலே மெயின் பெட்டி இருந்தது. எட்டாது. ஸ்டூல் எங்கே என்று தேடினார். இல்லை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி மெயினை அணைத்தேன். ஃபிரிட்ஜின் ஓசை நின்றது. மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. சமையலறையில் பால் பொங்கி வழிந்து மேடையில் சொட்டிய சத்தம் மட்டும் கேட்டது.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அது மீன் இல்ல மா. ப்ளக் பாயிண்ட் செய்யறாங்களே, அந்தச் சாமான் உள்ளே வெந்தா மீன் நாத்தம் அடிக்கும். எங்க ஷெட்ல எல்லாருக்கும் தெரியும். பெட்டில கால் வெக்கும்போதே மீன் அடிச்சா, மத்த வேலையை விட்டுட்டு எந்த பாயிண்ட்டுனு தேடுவோம்." என் பக்கம் திரும்பினார். "மூணு வாரமா வருதா?"

"ஆமா மாமா. ப்ளக்கும் சுட்டுது. ஸ்டவ்வைக் கடைக்கு எடுத்துட்டுப் போனதும் அதுக்குத்தான். பட்டனுக்கு இல்ல."

"கைக்கு என்கிட்ட சொல்லல?"

"நீங்க ஸ்டூல்ல ஏறிடுவீங்கன்னு…"

"ப்ளக் பாயிண்ட் இடுப்பு உயரத்துல இருக்கு மா. அதுக்கு எதுக்கு ஸ்டூல்?"

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. நான் யோசித்துக் கேட்கவில்லை, அதுவாக வந்தது.

"நீங்க பக்கத்துலயே நின்னீங்களே மாமா. தினமும் அங்கதான நிக்கிறீங்க?"

அவர் வலது மணிக்கட்டை இடது கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல்களைத் திறந்துவிடச் சொன்னார். திறந்துவிட்டு வந்தேன். தெருவில் பள்ளி வேன் ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. அது போன பிறகு சொன்னார்.

"எனக்கு வாசனை தெரியாது மா."

"எப்பலேர்ந்து?"

"கொரோனா வந்துச்சே, அப்பலேர்ந்து. நாக்கு பாதி திரும்பி வந்துச்சு. உப்பு, புளி, காரம் தெரியும். மூக்கு வரவே இல்ல."

"வந்துட்டுதுன்னு சொன்னீங்களே?"

"எல்லாருக்கும் வந்துச்சு. எனக்கும் வந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

அந்தச் சமயத்தில் வீட்டில் ஐந்து பேருக்கும் நோய் வந்தது. எனக்கும் கணவருக்கும் மகளுக்கும் பத்து நாளில் சரியாகிவிட்டது. என் மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவர் திரும்பி வரவில்லை. மாமனார் அப்போது இன்னொரு அறையில் காய்ச்சலோடு தனியாகக் கிடந்தார். அவரால் மாமியாரின் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை.

"அவ போன வீட்ல, எனக்கு மூக்கு வேலை செய்யலைன்னு ஒரு பேச்சா? யார்கிட்ட சொல்றது? உன் புருஷன் அப்ப இருந்த நிலைமை உனக்குத் தெரியும். சரி, தானா வரும்னு இருந்தேன். ஒரு வருஷம் போச்சு. அப்புறம் சொன்னா, ஏன் அப்பவே சொல்லலைன்னு கேப்பீங்க." தனக்குத்தானே சொல்வதுபோல், "பீரோவைத் திறந்தாக்கூட ஒண்ணும் தெரியல," என்றார்.

மாமியாரின் புடவைகள் அந்தப் பீரோவில்தான் இருந்தன. யாருக்கும் கொடுக்க அவர் ஒப்பவில்லை. நான் எழுந்துபோய் மேடையில் வழிந்திருந்த பாலைத் துடைத்தேன். ப்ளக் பாயிண்ட்டைத் தொடவில்லை. மெயின் அணைந்த பிறகும் அதிலிருந்து வாடை வந்துகொண்டுதான் இருந்தது.

எலக்ட்ரீஷியனை அவரே போனில் கூப்பிட்டார். தெருக்கோடியில் கடை வைத்திருப்பவர், நாற்பது வயதுக்காரர். அரை மணியில் வந்துவிட்டார். வெளிச்சம் போவதற்குள் முடிக்க வேண்டும் என்று நேராகச் சமையலறைக்குள் போனார். மாமனார் வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்தார். டெஸ்டர் சட்டைப்பையில் இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை.

ப்ளக் சுலபத்தில் வரவில்லை. உருகி ஒட்டியிருந்தது. ஆட்டி ஆட்டி இழுத்தபோது, புது ப்ளக்கின் ஒரு பின் பழையதைப் போலவே கறுத்திருந்தது. முன்மூடியைக் கழற்றியதும் எலக்ட்ரீஷியன், "லோபல காலிபோயிந்தி சார்," என்றார். உள்ளே வெந்துவிட்டது. எனக்கும் காட்டினார். ஒரு பக்கம் வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. கம்பியின் மேலுறை ஒரு விரற்கடை தூரத்துக்கு நொறுங்கிக் கொட்டியது. கம்பியை இறுக்கிப் பிடிக்க வேண்டிய ஸ்க்ரூ, விரலாலேயே திருகும்படி லூசாக இருந்தது. பின்னைக் கவ்விப் பிடிக்கும் பித்தளைப் பட்டையும் விரிந்துபோயிருந்தது.

தினமும் பிடுங்கிப் பிடுங்கிச் செருகியதில்தான் அந்தப் பட்டை விரிந்தது என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். மேடை துடைப்பதற்காக நான் எத்தனை வருஷம் அதை ஆட்டி ஆட்டிப் பிடுங்கியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். பிடிப்பு தளர்ந்த இடத்தில் சூடு பிறக்கிறது. சூட்டில் ஸ்க்ரூ இன்னும் தளர்கிறது. சூடு இன்னும் ஏறுகிறது. ஸ்டவ் இழுக்கும் கரண்ட் எப்போதும் போலத்தான் இருக்கிறது, அதனால் எம்.சி.பி. விழாது. "அளவுக்கு மேல இழுத்தாத்தான் அது விழும். இது அளவுக்குள்ளயே வேகுது," என்று மாமனார் எனக்குத் தமிழில் சொன்னார். கெட்டுப்போன பாயிண்ட் புது ப்ளக்கைக் கெடுத்துவிட்டது. இப்போது பாயிண்ட்டை மட்டும் மாற்றினால் இந்த ப்ளக் அதைக் கெடுக்கும். இரண்டையும் மாற்றச் சொன்னார்கள். வெந்த கம்பியை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புது பாயிண்ட் போட்டு, ஸ்க்ரூவை இறுக்கி, எலக்ட்ரீஷியன் கம்பியை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். மாமனார், "இன்னொரு தரம் இழு," என்றார். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் இழுத்தார்.

விளக்குகள் வந்த பிறகு கணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "அப்பாவை ஸ்டூல் மேல ஏத்தினியா?" என்பதைத்தான். இல்லை என்றேன். அப்புறம் மூக்கைப் பற்றிச் சொன்னேன். "போனை அப்பாகிட்ட குடு," என்றார். கொடுத்துவிட்டு நான் மாடிக்குப் போய்விட்டேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று இதுவரை கேட்டதில்லை.

மாடியில் நிற்கும்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ப்ளக்குக்காக இல்லை. எட்டு மணிக்கு நான் போய்விடுகிறேன், எட்டரைக்கு மகள் போய்விடுகிறாள். சாயங்காலம் வரை அவர் அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். மத்தியானம் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துத்தான் சோற்றையும் குழம்பையும் சூடு பண்ணிக்கொள்கிறார். இத்தனை வருஷமாக, ஒரு நாள் கேஸ் கசிந்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. போன வெயில் காலத்தில் புளித்துப்போன சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் கிடந்தார். வயசாகிவிட்டது, கவனமில்லை என்று நானே அலுத்துக்கொண்டிருக்கிறேன். அவரிடம் அல்ல, என் அம்மாவிடம் போனில்.

அந்த வார இறுதியில் கணவர் வந்தார். கேஸ் கசிந்தால் கத்தும் ஒரு கருவியைச் சிலிண்டருக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டினார். மாமனார் அது சரியான உயரத்தில் இல்லை என்றார். சிலிண்டர் கேஸ் கனமானது, தரையோடு தங்கும், இன்னும் கீழே இறக்கு என்றார். அப்பாவும் மகனும் அதற்குக் கொஞ்சம் வாக்குவாதம் செய்தார்கள். கடைசியில் கீழே இறங்கியது. ஒரு சிகரெட் லைட்டரைப் பற்றவைக்காமல் கேஸை மட்டும் காட்டிச் சோதித்தபோது அது போட்ட கூச்சலில் மகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள். மாமனாருக்கு மட்டும் திருப்தி. "ஹவ், இது வேலை செய்யுது," என்றார்.

மூக்கு டாக்டரிடமும் போனோம். இவ்வளவு நாள் கழித்து அதிகம் எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் பயிற்சி செய்து பார்க்கலாம் என்றார் அந்த டாக்டர். தினம் இரண்டு வேளை நாலு வாசனைகளை முகர வேண்டும். கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, நீலகிரித் தைலம். ஒவ்வொன்றையும் முகரும்போது அந்த வாசனையை நினைத்துக்கொள்ள வேண்டுமாம். மகள் நாலு சின்ன டப்பாக்களில் போட்டு, மேலே தெலுங்கில் பெயர் எழுதி ஒட்டிக் கொடுத்தாள்.

இப்போது அது நடந்து ஏழெட்டு மாதம் ஆகிறது. காலையில் காபி குடித்த பிறகு, சாயங்காலம் மாடிக்குப் போவதற்கு முன்பு, டப்பாக்களைத் திறந்து ஒவ்வொன்றாக முகர்கிறார். ரயில்வேக்காரர் இல்லையா, ஒரு நோட்டில் குறித்தும் வைக்கிறார். பக்கம் பக்கமாக 'இல்லை, இல்லை, இல்லை, இல்லை' என்றுதான் இருக்கிறது. மூன்றாவது மாதம் ஒருநாள் தைலத்துக்கு நேரே 'ஏதோ தெரிகிறது' என்று எழுதினார். வீடே பரபரத்தது. மறுநாள் டாக்டரைப் போனில் கேட்டபோது, அது வாசனை இல்லை, மூக்கில் ஏறும் எரிச்சல், அதற்கு வேறு நரம்பு என்று சொல்லிவிட்டார். மாமனார் அந்த வரியை அடித்துவிட்டு 'இல்லை' என்று திருத்தினார். அன்று சாயங்காலமும் டப்பாக்களைத் திறந்தார்.

என் மகள் இப்போது வீட்டுக்குள் வரும்போதே, கேட்கிறாரோ இல்லையோ, மோந்ததைச் சொல்லிவிட்டுத்தான் பையை இறக்குகிறாள். "தாத்தா, கிச்சன் மே ரசம், பெருங்காயம் ஜாஸ்தி. பாத்ரூம்ல ஃபினாயில். மம்மி கா ஷால் வெட் ஸ்மெல்." அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் ஒவ்வொன்றுக்கும் "ஹவ்… ஹவ்…" என்று தலையாட்டுகிறார். சில சமயம் நடுவில் நிறுத்தி, "பெருங்காயம் எவ்வளவு ஜாஸ்தி?" என்று கேட்கிறார். அவள் திரும்பிப் போய், இன்னொரு தரம் மோந்துவிட்டு வந்து சொல்கிறாள்.